40 விழுக்காடு முடங்கினால்தான் நம்புவீர்களா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், ஆய்வை முடிக்க அதிக அளவாக 6 ஆண்டுகளைத் தருகின்றன. மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. அந்த 40 என்னும் எண்ணைப் பற்றியதே இப்பதிவு.

முடக்குவாதம் உள்ள ஓர் ஆய்வாளர் அந்த எண்ணை எட்டுவது எப்படி? மருந்தை நிறுத்த வேண்டும். வீக்கத்தை வளரவிட வேண்டும். விரல் மூட்டுகள் அரிக்கப்பட்டுக் கோணிப்போகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு மருத்துவக் குழு அளந்து பார்த்துச் சான்று வழங்கும். மாறாக, நேரம் தவறாமல் மருந்து உட்கொண்டு, உணவையும் உறக்கத்தையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தி, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மூட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு அளப்பதற்கு ஒன்றும் இராது. அவருடைய விழுக்காடு பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். சிகிச்சை தோற்றுப்போனவருக்கு ஏட்டளவிலாவது ஒரு சலுகை உண்டு. சிகிச்சை பலித்தவருக்கு மிஞ்சுவது சந்தேகப் பார்வை.

நாட்பட்ட தன்னுடல் தாக்குநோய்களை மருந்தும் தற்பராமரிப்பும் சேர்ந்தே கட்டுக்குள் வைக்கின்றன. இவ்விரண்டில் முதலாவதை மருத்துவமனையின் பொறுப்பென்றும், இரண்டாவதை நோயாளியின் சொந்த விவகாரமென்றும் நம் உயர்கல்வி நிறுவனங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. இந்தப் பிரிவினை தவறானது. தற்பராமரிப்பு சிகிச்சையின் பகுதி. அதற்கு வேண்டிய நேரத்தைத் தர மறுக்கும் நிறுவனம் சிகிச்சையைத் தடுக்கிறது.

நோயின் பெயரே முதல் இடறல். ‘முடக்குவாதம்’ என்றதும் சிலருக்குப் பக்கவாதம் நினைவுக்கு வருகிறது. பலருக்கு முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானம் நினைவுக்கு வருகிறது. “இந்த வயதில் மூட்டுவலியா?” என்ற கேள்வி இக்குழப்பத்திலிருந்து பிறப்பது. தேய்மானத்தில் குருத்தெலும்பு காலப்போக்கில் நலிகிறது. முடக்குவாதத்திலோ உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைப் பகையெனக் கொண்டு தாக்குகிறது. அழற்சி நீடித்தால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. நுரையீரலும் கண்ணும் இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படலாம். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும் நோய் இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த லூபஸ் நோயில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பெறும் வயதில்தான் அது தொடங்குகிறது. முனைவர் பட்ட ஆய்வு நடைபெறும் வயதும் அதுவே. ஆக, இது வளாகத்துக்கு வெளியே எங்கோ நிகழும் அரிய துன்பம் என்று எந்தத் துறைத் தலைவரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

மருந்தின் இடத்தை முதலில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். வலியைத் தணிக்கும் மாத்திரைகள் வேறு, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் வேறு. பின்னவற்றுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில் அதைத் தரும் முறை 1980களில் நிலைபெற்றது. இன்றும் முடக்குவாதச் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் இத்தகைய மருந்தைத் தொடங்கினால் மூட்டு அழிவைப் பெருமளவு தடுக்க முடியும். இந்தியாவில் இது விலை மலிந்த மருந்து. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஒரு தலைமுறைக்கு முன் ஊனத்தில் முடிந்த பல வாழ்க்கைகள் இம்மருந்துகளால் திசை மாறியிருக்கின்றன. இதை மறுக்கும் எந்த இயற்கை வாழ்வியல் பேச்சும் ஆபத்தானது.

ஆனால் இம்மருந்தை உட்கொள்வதே ஒரு பராமரிப்பு வேலை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் எடுத்துக்கொண்டு எலும்பு மச்சை செயலிழந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. உடன் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். மருந்தெடுத்த மறுநாள் பலருக்குக் குமட்டலும் அயர்ச்சியும் ஆளை அடித்துப் போடும். ஹைட்ராக்சிகுளோரோகுயினை நீண்டகாலம் உட்கொள்வோர் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து; நிறுத்தாமல் தொடர்ந்தால் எலும்பு மெலிவும் நீரிழிவும் நெருங்கும். ‘மாத்திரை போட்டுக்கொள்கிறாரே, அப்புறமென்ன?’ என்று கேட்போர் மாத்திரையைச் சுற்றி நாட்காட்டி, ஆய்வகம், உணவு, ஓய்வு, விழிப்பு ஆகியவை இருப்பதை அறியாதவர்கள்.

மருந்து எட்டாத இடங்களும் உண்டு. அழற்சியின் அளவீடுகள் இயல்பாக உள்ள நிலையிலும் களைப்பு தொடர்வது முடக்குவாத நோயாளிகள் பலரும் அறிந்தது. வலிக்கு அஞ்சி அசையாமல் இருந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் மீது சுமை கூடும். ஆகவே அளவான, தொடர்ச்சியான உடற்பயிற்சி சிகிச்சைப் பரிந்துரைகளிலேயே இடம்பெறுகிறது. புகைபிடித்தல் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதோடு மருந்து பலிப்பதையும் குறைக்கிறது. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளால் தொற்று எளிதாகிறது. அதனால் தடுப்பூசிகளைத் திட்டமிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். லூபஸ் நோயாளிகள் வெயிலிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும். கோடையில் களப்பணிக்குப் போகும் சமூக அறிவியல் மாணவருக்கு இது சிறிய செய்தி ஆகாது. இவை ஒவ்வொன்றும் மருத்துவர் தம் கையால் எழுதித் தருபவை. மாத்திரைச் சீட்டில் மாத்திரையின் பெயரை மட்டும் படித்துவிட்டு மற்ற வரிகளை அறிவுரை என்று ஒதுக்குவது படிப்பறிவு உள்ளவர்கள் செய்யும் வேலையாக இல்லை.

எதிர்த் திசையில் நிற்போரையும் விட்டுவிட முடியாது. தற்பராமரிப்பு என்ற சொல்லைக் கைப்பற்றிக்கொண்டு மருந்தைத் துரத்த நினைக்கும் கூட்டம் ஒன்று வளாகங்களில் வளர்ந்திருக்கிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்’ என்பது அதன் மந்திரம். தமிழில் நோய் எதிர்ப்புச் சக்தி என்ற தொடரே அச்சக்தியை நல்லதென்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. நோயை எதிர்ப்பது எப்படித் தீதாகும்? தன்னுடல் தாக்குநோயில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தன் வீட்டையே தாக்கும் படைக்கு மேலும் ஆயுதம் கொடுப்பது வீட்டைக் காக்கும் வழியாகாது.

பெருந்தொற்றுக் காலத்தில் சீந்தில் கொடி இந்தியா முழுவதும் கஷாயமாயிற்று. 2021இல் மும்பை மருத்துவர்கள் அதை உட்கொண்டபின் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளான 6 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. 2022இல் நாட்டின் பல மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய மற்றொரு ஆய்வு வெளிவந்தது. உடலில் ஒளிந்திருந்த தன்னுடல் தாக்கு இயல்பை அது கிளறிவிட்டிருக்கலாம் என்ற ஐயத்தை மருத்துவர்கள் எழுப்பினர். ஒரு மூலிகையை முழுவதுமாகத் தள்ளிவைக்க இது போதுமா என்று வாதிடலாம். ஆனால் தன்னுடல் தாக்குநோய் உள்ளவரிடம், மருத்துவரைக் கேட்காமல், ‘இயற்கைதானே, குடியுங்கள்’ என்று நீட்டுவதற்கு எவருக்கும் உரிமையில்லை என்பதில் வாதமில்லை. முடக்கத்தான் கீரைத் தோசை சுவையானது, உண்ணலாம். பெயரில் முடக்கை அறுக்கிறது என்பதற்காக அது மெத்தோட்ரெக்சேட்டின் இடத்தில் அமர முடியாது. சொற்பிறப்பு மருந்தியல் ஆகாது.

இந்த இரு முகாம்களும் வெளிப்பார்வைக்கு எதிரெதிரானவை. ஆயினும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: தற்பராமரிப்பு என்பது தனிமனிதரின் ஒழுக்கம் சார்ந்தது. முதல் முகாம் அதை அற்பமென்று ஒதுக்குகிறது. இரண்டாம் முகாம் அதையே அனைத்துமென்று போற்றுகிறது. அதற்கு நேரமும் பணமும் இடமும் பிறர் உதவியும் தேவை என்பதை இரண்டுமே பேசுவதில்லை.

2020 மார்ச்சில் நடந்ததை நினைவுகூரலாம். கோவிட் தடுப்புக்காக மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு பரிந்துரைத்தது. உடனே மக்கள் அதை வாங்கிக் குவித்தனர். சில நாள்களிலேயே அரசு ஏற்றுமதியைத் தடுத்து, மருந்தின் விற்பனையையும் கடுமையாக்கியது. அம்மருந்தைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் இந்த நாட்டிலேயே லூபஸ் நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் கடை கடையாக அலைந்தனர். அவர்களிடம் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. மருந்தைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்ற மிக எளிய தற்பராமரிப்பு விதிகூட, வெளியே உள்ள ஏற்பாடு குலைந்தால் குலைந்துவிடும் என்பதை அந்த வாரங்கள் காட்டின.

இப்போது ஓர் ஆய்வு மாணவியின் வாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆள் கற்பனை, கணக்கின் கூறுகள் எந்த வாதநோய் மருத்துவரும் அறிந்தவை. காலையில் கைவிரல்கள் மடங்கி விரிய ஒரு மணி நேரம் பிடிக்கிறது. வாரத்துக்கு 7 மணி. உடற்பயிற்சி நாளொன்றுக்கு அரைமணி வீதம் 5 நாள், இரண்டரை மணி. நண்பகல் ஓய்வு அரைமணி வீதம் 6 நாள், 3 மணி. மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாளில் வீணாகும் அரைநாள், 4 மணி. மாதம் ஒருநாள் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் கழிவதை வாரக் கணக்காக்கினால் 2 மணி. மொத்தம் 18.5 மணி. நோய் சீறியெழும் வாரங்கள் இக்கணக்கில் சேரவில்லை. காலை 9 மணி வகுப்பு, விரல் ரேகை வருகைப்பதிவு, நான்காம் மாடித் துறை அலுவலகம், இயங்காத மின்தூக்கி, எண்ணெயில் மிதக்கும் விடுதி உணவு ஆகியவையும் சேரவில்லை.

வாரத்தில் 18.5 மணி நேரத்தை நோய்க்குக் கொடுக்கும் ஒருவரும், அதைக் கொடுக்க வேண்டாத ஒருவரும் ஒரே கெடுவுக்குள் ஒரே ஆய்வேட்டைத் தர வேண்டும் என்பது சமத்துவம் என்று அழைக்கப்படுகிறது. இளநிலை ஆய்வு நல்கை பெறுவோருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. மாதம் ஒருநாள் மருத்துவமனைக்கே 12 நாள் போய்விடும். ஒரே ஒரு முறை நோய் கடுமையாகச் சீறினால் மிச்சமும் தீர்ந்துவிடும்.

‘பெண்களுக்குத்தான் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக இருக்கிறதே, முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே’ என்ற பதில் உடனே வரும். அந்தத் தளர்வு வேறொரு அநீதிக்கான சிறு ஈடு. அதையே இதற்கும் கணக்குக் காட்ட முடியாது. நோயுற்ற ஆண்களுக்கு அதுவும் இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தேசியத் தகுதித் தேர்வு வழியான நல்கை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய் என 5 ஆண்டுகள் கிடைக்கும். அத்தேர்வில் நல்கை பெறாத, நடுவண் பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். நல்கை நின்றபின் கிடைக்கும் 2 ஆண்டுகளில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் யார் பணம் தருவார்? மெத்தோட்ரெக்சேட் மலிவுதான், அது பலிக்காதவர்களுக்கு வேண்டிய உயிரியல் மருந்து ஊசிகள் மலிவல்ல. வாரத்தில் வேண்டிய நேரத்தை மறுத்துவிட்டு, கடைசியில் ஊதியமில்லாத ஆண்டுகளைத் தருவது பசித்தவருக்குச் சோறிடாமல் சாப்பிடும் நேரத்தை மட்டும் நீட்டித் தருவது போன்றது.

சொற்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழி அங்கே உருவாகிறது. தமிழில் நோயை உணர்பவர் எழுவாயாக வருவதில்லை. ‘அவருக்கு வலிக்கிறது’, ‘அவருக்குக் காய்ச்சல்’, ‘அவருக்குத் தலை சுற்றுகிறது’ என நான்காம் வேற்றுமையில் வருகிறார். வலி அவரிடம் வந்து சேர்கிறது. அவர் அதைச் செய்யவில்லை. இலக்கணம் காட்டும் இந்த நியாயத்தை அலுவலகப் பேச்சு தலைகீழாக்குகிறது. ‘அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை’, ‘அவர் கட்டுப்பாடாக இல்லை’, ‘அவர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்’. நான்காம் வேற்றுமையில் இருந்தவர் இப்போது எழுவாய் ஆகிவிட்டார். எழுவாய் கிடைத்தால் குற்றவாளி கிடைத்துவிடுகிறார். எல்லா விதிகளையும் கடைப்பிடித்தவருக்கும் இந்நோய் காரணம் சொல்லாமல் சீறும் என்பதை மருத்துவம் அறியும். அலுவலக இலக்கணம் அறியாது.

‘பார்த்துக்கொள்’ என்ற வினையையே எடுத்துக்கொள்ளலாம். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று விடைபெறும்போது சொல்வது அன்பு. ‘நீயே பார்த்துக்கொள்’ என்றால் கைகழுவுதல். ‘கொள்’ என்னும் துணைவினை செயலின் பயனைச் செய்பவர் பக்கமே திருப்புகிறது. அதனால் இரு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. நிறுவனங்கள் முதற்பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளில் முடிக்கின்றன. ஜூன் 21 யோகா நாளன்று பாய் விரித்து நலவாழ்வு பேசும் அதே நிர்வாகம், மறுநாள் மருத்துவச் சான்றோடு வந்து கெடு நீட்டிப்புக் கேட்பவரிடம் விதி எண்ணைச் சொல்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர், பார்த்துக்கொள்ளவும் விட வேண்டும்.

இக்கருத்து மேற்கிலிருந்து புதிதாக இறக்குமதியானது என்று முகம் சுளிப்போர் சொந்த மரபைப் புரட்டிப் பார்க்கலாம். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துச் சொல்லி முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். நான்காமவர் இல்லாமல் மருத்துவம் முழுமையடைவதில்லை. தமிழர் வீடுகளில் மருந்தென்றால் பத்தியமும் உண்டு. ஆனால் பிள்ளை பெற்றவள் தானே எழுந்து தனக்குப் பத்தியச் சோறு பொங்கியதில்லை. பத்தியம் காத்தவள் அவள். அதைச் சமைத்தவர்களும் அவளுடைய மற்ற வேலைகளை ஏற்றுக்கொண்டவர்களும் வீட்டார். அந்த வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது என்பது உண்மை. அதை மீண்டும் அங்கேயே தள்ள வேண்டியதில்லை. ஆயினும் பத்தியம் ஒருவரின் தனிச் சாதனையாக ஒருபோதும் கருதப்படவில்லை.

மேற்கத்தியக் கோட்பாடும் வேறொன்றைச் சொல்லிவிடவில்லை. செவிலியர் கல்வியில் தற்பராமரிப்பைக் கோட்பாடாக வளர்த்தவர் அமெரிக்கரான டோரத்தியா ஓரெம். அவருடைய முதன்மை நூல் 1971இல் வெளிவந்தது. ஒருவர் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாமல் ஏற்படும் குறையை நிரப்புவதே செவிலியரின் பணி என்பது அக்கோட்பாட்டின் மையம். தற்பராமரிப்பு என்ற கருத்து, குறையை நிரப்ப வேறொருவர் வந்தாக வேண்டும் என்ற கடமையோடு சேர்ந்தே உருவானது. அக்கடமையை வெட்டிவிட்டு ‘தன்’ என்ற முன்னொட்டை மட்டும் நிறுவனங்கள் வைத்துக்கொண்டன. வீட்டைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மொழி புரியாத நகரத்தின் விடுதியறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அந்த நான்காமவர் யார்? வீட்டார் அருகில் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியது நிறுவனம்.

சட்டம் இதற்கு எதிராக இருக்கிறதா? இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்களிரோசிஸ் அதில் உண்டு. முடக்குவாதமும் லூபசும் பெயரளவில் இல்லை. மூட்டு சிதைந்தபின் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் நுழையலாம். 40 விழுக்காடு என்பது இட ஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கு அச்சட்டம் வைத்த வரம்பு. ஆனால் மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கும்போது சட்டம் விழுக்காடு பேசவில்லை. நீண்டகாலக் குறைபாடு, சுற்றியுள்ள தடைகளோடு மோதும்போது, பிறரோடு சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர் என்றே வரையறுக்கிறது. அளவுக்கு மீறிய சுமை விளையாத வகையில் அவருக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ளவர் அவர். 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்று கூறி, குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத உதவியாளரை வைத்துக்கொள்ள அவருக்கு இசைவு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வரம்பை எல்லா வசதிக்கும் நுழைவாயிலாக வைக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்தையும் அது ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் நடுவண் அரசு, எழுதுவதில் இடர்ப்படும் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தோருக்கும் எழுத்துதவியாளரைத் தரும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் மட்டும் 40இல் நின்றுவிட்டன.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. ‘போலிச் சான்று பெருகும்’ என்பது முதலாவது. முடக்குவாதமும் லூபசும் இரத்தப் பரிசோதனை, படப்பதிவு, ஆண்டுக்கணக்கான மருத்துவக் குறிப்பேடு ஆகியவற்றோடு வருபவை. அவற்றைப் போலியாக உருவாக்குவது ஆய்வேட்டை எழுதுவதைவிடக் கடினம். ‘எல்லா ஆய்வாளரும் களைத்துத்தான் இருக்கின்றனர்’ என்பது இரண்டாவது. உண்மை. அந்தக் களைப்பு உறங்கினால் தீரும். இது உறங்கி எழும்போதே தொடங்கும். எல்லோருடைய களைப்பையும் குறைக்க வேண்டுமென்றால் அதற்கும் வாதிடலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க வேண்டாம். ‘உடல்நலம் தேறியபின் வந்து படிக்கட்டும்’ என்பது மூன்றாவது. இது நாட்பட்ட நோய். தணியும், சீறும், மீண்டும் தணியும். முழுமையாகத் தேறும் நாளுக்குக் காத்திருக்கச் சொல்வது வராதே என்று சொல்வதன் நாகரிக வடிவம்.

செய்ய வேண்டியவை பெரியவையல்ல. கெடு நீட்டிப்புக்கும் விடுப்புக்கும் விழுக்காட்டுச் சான்றைக் கேட்காமல், தொடர் சிகிச்சையில் இருப்பதை உறுதிசெய்யும் மருத்துவரின் கடிதத்தை ஏற்க வேண்டும். மருத்துவமனை நாள்களை 30 நாள் விடுப்பில் கழிக்கக் கூடாது. ஆய்வுக் குழுக் கூட்டங்களைக் காலை விறைப்பு நீங்கும் நேரத்துக்குப் பின் வைக்கவும், தேவைப்பட்டால் இணையவழியில் நடத்தவும் இசைய வேண்டும். நீட்டிக்கப்படும் காலத்துக்கு நல்கையும் நீள வேண்டும். வளாக மருத்துவ மையங்களில் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள இம்மருந்துகளும், இரத்த அணு மற்றும் கல்லீரல் பரிசோதனைகளும் கிடைக்க வேண்டும். ஊசி மருந்தைப் பாதுகாக்க விடுதியில் ஒரு குளிர்பதனப் பெட்டி, தரைத்தள அறை, தானே சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு ஆகியவை வேண்டும். நோயின் பெயரைத் துறை முழுவதும் பரப்பாமல் காக்கும் நாவடக்கம் செலவில்லாதது, அதுவும் வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. முதலிரண்டு கோரிக்கைகளைப் பல்கலைக்கழகங்கள் தீர்மானமாக நிறைவேற்றி மானியக் குழுவுக்கு அனுப்பலாம். மற்றவற்றுள் பலவற்றைத் துறைத் தலைவரும் விடுதிக் காப்பாளருமே செய்துவிட முடியும். கல்விக் குழுவில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் பலர் இப்பதிவைப் படிக்கக்கூடும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க அவர்களுக்குக் கையொப்பம் ஒன்று போதும். தங்கள் துறையில் யாருக்கும் இந்நோய் இல்லையென்று அவர்கள் எண்ணினால், இருப்பவர் ஏன் இதுவரை சொல்லவில்லை என்பதையும் அக்கூட்டத்திலேயே விவாதிக்கலாம்.